லக்மேயின் பாலே இசையில் சதிர் உண்டா?

1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து அம்மணி, தில்லம்மாள் முதலான தேவதாசிகள் பாரிஸ் சென்று வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அவர்கள் ஆடிய சதிரின் இசை பிரெஞ்சு ஓபராவுக்குள் புகுந்தது என்றும், அதன் சாயலை லியோ தெலிபின் ‘லக்மே’ (1883) பாலேப் பகுதியில் கேட்கலாம் என்றும் ஒரு சாரார் கருதுகின்றனர். இதற்கு ஆதாரம் போதாது என்பதே என் வாதம்.

காலக்கணக்கிலேயே இடிக்கிறது. பயதேர் என்பது தேவதாசிக்குப் பிரெஞ்சுச் சொல். கத்தெலின் ‘பயதேர்கள்’ ஓபரா 1810இல் மேடையேறியது. ஓபேரின் ‘தெய்வமும் பயதேரும்’ 1830இல், மரி தாலியோனியின் ஆட்டத்தோடு வந்தது. இரண்டும் அம்மணி கப்பலேறுவதற்கு முந்தியவை. கத்தெலின் ஓபரா 2014இல் முழுமையாக இசைத்தட்டில் வெளிவந்தது. கேட்டுப் பார்த்தால் காசி என்ற பெயர் மட்டுமே இந்தியா, இசை பாரிஸினுடையது. தெலிப் பிறந்தது 1836. அம்மணி ஆடியபோது அவருக்கு இரண்டு வயது.

ஆகவே வழக்கு முழுவதும் லக்மேயின் இரண்டாம் அங்கத்தில் வரும் ஆட்டங்களின் மீதே நிற்கிறது. அரங்கில் இவற்றைப் பலமுறை விட்டுவிடுகிறார்கள். அதனால் பலர் கேளாமலே எழுதுகிறார்கள். ஆட்டங்களின் தலைப்புகள் மூன்று: தெரானா, ரெக்தா, பெர்சியன். சதிரின் உருப்படிகளான அலாரிப்பு எங்கே, ஜதிஸ்வரம் எங்கே, பதம் எங்கே? தரானாவும் ரேக்தாவும் வடநாட்டுப் பாட்டு வகைகள். 1789இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் அச்சிட்ட இந்துஸ்தானி மெட்டுகளின் தொகுப்பில் இவ்விரு வகைகளும் பெயரோடு இருக்கின்றன. தெலிப் அந்த நூலையே புரட்டினார் என்று நான் சொல்லவில்லை. தலைப்பு ஒன்றே மெட்டின் ஊரைக் காட்டிவிடாது என்பதும் சரிதான். ஆனால் ஒரு தலைப்புகூடத் தெற்கைச் சுட்டாதபோது, அவர் கைக்கு எட்டியது நூல்வழி வந்த வடக்கே என்று கொள்வதுதான் நியாயம். அந்த அங்கத்தின் திருவிழாவும் துர்க்கைக்கே எடுக்கப்படுகிறது. திருவந்திபுரத்துத் தேவநாதப் பெருமாளுக்கு அங்கே இடமில்லை.

1838இல் கேட்டவர்கள் மெட்டுகளைக் குறித்து வைத்திருக்கலாம், அவை பின்னால் தெலிபிடம் வந்திருக்கலாம் என்பார்கள். வந்திருந்தாலும் என்ன? ஆனைமலைப் பக்கத்துக் கோயில் நோன்பியில் பறையும் உருமியும் கேட்டவர் அறிவார்: மெட்டைத் தாளில் ஏற்றலாம், அடியை ஏற்ற முடியாது. சதிரின் உயிர் நட்டுவனாரின் தாளத்திலும் மத்தளத்திலும் இருந்தது. தெலிபின் இசைக்குழுவில் அதற்கு ஈடாக ஏதுமில்லை.

எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே 1838 ஆகஸ்டில் ‘லா பிரெஸ்’ இதழில் எழுதியதும் சான்றாகக் காட்டப்படுகிறது. அம்மணியின் உருவத்திலும் உடையிலும் மயங்கிய கட்டுரை அது. இருபது ஆண்டுகள் கழித்து அவரே ‘சகுந்தலா’ பாலேவுக்குக் கதை எழுதினார். அதற்கு இசையமைத்தவர் எர்னஸ்ட் ரெயே. நேரில் பார்த்தவரும் கதையோடு நின்றுகொண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதிரின் இசை எப்படி ஒலித்தது என்பதற்கு லக்மேயைச் சான்றாகக் காட்டுவதை இனியேனும் நிறுத்த வேண்டும். அதற்குத் தஞ்சை நால்வரின் உருப்படிகள் நம்மிடமே இருக்கின்றன.