நடப்பவர்களின் தெரு

கள்ளக்குறிச்சி, தனி மாவட்டத்தின் தலைநகராகிச் சில ஆண்டுகளே ஆகின்றன. 2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து அது புதிய மாவட்டமாயிற்று. ஓர் ஊர் தலைநகரானால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகங்கள் வரும், வங்கிகள் வரும், துணிக்கடைகள் மாடி மேல் மாடியாக உயரும். இவற்றோடு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகும். கடைத்தெருவின் அகலம் மட்டும் பழைய அகலமாகவே இருக்கும்.

இந்த ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையை ஆள்பவர் என்று இப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள்) சாமை, தினை, மரவள்ளி பயிரிடுவதோடு கடுக்காய், புளி, தேன் போன்றவற்றைச் சேகரிப்பதும் உண்டு. 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நல்ல சாலைகளும் பஸ்களும் அதற்கும் பின்னரே. மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வரும் ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கிய கணத்திலிருந்து பாதசாரி. அவருக்குக் கடைத்தெருவில் எத்தனை அடி இடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியை உலகில் பல ஊர்கள் கேட்டிருக்கின்றன. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

நம் பழைய நகரங்களில் கடைத்தெரு என்றாலே நடப்பவர்களின் தெருதான். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே இருந்த சோலையில், மரத்தடியில் பகல் நேரச் சந்தையான நாளங்காடி கூடியது. இரவுக் கடைகளுக்கு அல்லங்காடி என்று பெயர். பிற்காலக் கோயில் நகரங்களில் பெரிய வீதிகளின் அகலத்தை நிர்ணயித்தது தேர். ஆண்டில் சில நாள் தேர் ஓட வேண்டும் என்பதற்காக விட்ட இடத்தை மற்ற நாட்களில் மக்கள் அனுபவித்தார்கள். மாட்டு வண்டியும் வந்தது. ஆனால் அது ஏறத்தாழ மனிதன் நடக்கும் வேகத்திலேயே போயிற்று.

மோட்டார் வந்தபோது மாறியது இந்த வேகம்தான். இங்கே சற்றுப் பௌதிகம் தேவைப்படுகிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் கார் 50 கிலோமீட்டரில் வந்தால் வேகம் இரண்டு மடங்கு; மோதலின் ஆற்றலோ நான்கு மடங்கு. மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன். இவ்விரண்டும் ஒரே தரையில் கலந்தால் ஒதுங்குவது எப்போதும் நடப்பவன்தான்.

அடுத்தது இடக் கணக்கு. ஒரு கார் சும்மா நிற்பதற்கே சுமார் 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதே இடத்தில் ஆறு பேர் கூடை வைத்து வியாபாரம் செய்யலாம். மூன்று மீட்டர் அகலமுள்ள பாதையில் கார்கள் மூலம் ஒரு மணி நேரத்தில் அதிகமாகப் போனால் 2,000 பேர் கடப்பார்கள். அதே பாதையில் நடந்து செல்பவர்கள் 8,000 பேருக்கு மேல் கடக்க முடியும். குறுகிய தெருவுக்கு எது ஏற்றது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மேலை நாடுகளில் இந்தக் கணக்கைச் செயலில் காட்டிய நகரங்களில் புகழ்பெற்றது டென்மார்க்கின் கோபன்ஹேகன். 1962 நவம்பரில் ஸ்ட்ரோயெட் என்னும் அதன் முக்கியக் கடைத்தெருவில் வாகனங்களை நிறுத்திப் பார்த்தார்கள். தெருவின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வியாபாரிகள் பதறினார்கள். குளிர் நாட்டில் யார் தெருவில் உலாவப் போகிறார்கள் என்ற கேலியும் எழுந்தது. வியாபாரம் படுத்துவிடவில்லை, 1964-ல் ஏற்பாடு நிரந்தரமாயிற்று. யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் அந்த நகரத்து மக்களைப் பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டே இருந்தார். அவர் கண்டது சுவையானது. 1968-க்கும் 1995-க்கும் இடையே நகர மையத்தில் நடந்து செல்வோர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் நிற்பவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் மூன்று மடங்குக்கு மேல் பெருகினார்கள். ஆக, ஒரு தெருவின் கலகலப்பைக் கடந்து போகிறவர்களை மட்டும் வைத்து அளக்க முடியாது. அங்கே தங்குகிறவர்களையும் எண்ண வேண்டும்.

பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரக் கதை இன்னும் வேடிக்கையானது. 1972-ல் அங்கு மேயராக இருந்தவர் ஜைமே லெர்னர். அவரும் கட்டடக் கலைஞரே. முக்கியக் கடைவீதியைப் பாதசாரிகளுக்கு ஒதுக்க விரும்பினார். வியாபாரிகள் நீதிமன்றம் போவார்கள் என்று தெரியும். எனவே வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகங்களும் நீதிமன்றமும் மூடிய பின் வேலையைத் தொடங்கி, 72 மணி நேரத்தில் கல் பாவி, பூச்செடி வைத்து, விளக்கும் நட்டு முடித்துவிட்டார்! கோபமுற்ற கார்க்காரர்கள் அடுத்த வார இறுதியில் கூட்டமாகத் தெருவுக்குள் ஓட்டி வரத் திட்டமிட்டார்கள். வந்து பார்த்தால், தெரு நெடுகக் காகிதம் விரித்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எவர் அவர்கள் மேல் வண்டியை ஏற்றுவார்? சில வாரங்களில் எதிர்த்த வியாபாரிகளே இந்த ஏற்பாட்டை மற்றத் தெருக்களுக்கும் நீட்டிக்கக் கேட்டார்களாம். ஊரைக் கேட்காமல் ஒரே இரவில் தெருவை மாற்றும் முறையை நான் எல்லா ஊருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் மாற்றத்தைச் சொல்லி விளங்க வைப்பதைவிட மூன்று நாள் காட்டிவிடுவது எளிது என்பது உண்மைதான்.

தோற்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம் 1959-ல் தன் பர்டிக் தெருவில் வாகனங்களை நிறுத்தியது. அந்நாட்டில் இதற்கு முன்னோடி அதுவே. திட்டம் தந்தவர் விக்டர் குருயன். வேடிக்கை என்னவென்றால், 1956-ல் நகருக்கு வெளியே, கூரை மூடிய முதல் பெரிய கடை வளாகத்தை மினசோட்டாவில் வடிவமைத்தவரும் இவரே. அத்தகைய வளாகங்கள் பெருகின. மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். நகர மையம் வெறிச்சோடியது. கலமசூ தெருவின் ஒரு பகுதியில் 1998-ல் மறுபடி கார் விட்டார்கள். அங்கே நடப்பதற்கு இடம் இருந்தது. அங்கு வருவதற்குக் காரணம்தான் குறைந்துபோயிருந்தது.

இனி நம் ஊர். சென்னையில் 1920-களில் பழைய நீண்ட ஏரியை வற்றச் செய்து உருவாக்கிய பகுதி தியாகராய நகர். அதன் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, வாகனப் பாதையைக் குறுக்கி, உட்காரும் இடங்களோடு அமைத்த பாதசாரி வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்று அங்கே மாலையில் முதியவர்கள் அமர்ந்திருப்பதையும் குழந்தைகள் விளையாடுவதையும் காணலாம். நல்ல வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2013-ல், அந்த நடைபாதையில் பல காலம் கடை விரித்திருந்த நூற்றுக்கணக்கான வியாபாரிகள் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படுவதால் விற்கும் பூவையும் வளையலையும் மாடி ஏறி வந்து எத்தனை பேர் வாங்குவார்கள்? நடப்பவருக்கு இடம் செய்யும்போது, அவரை நிற்க வைக்கும் கூடைக்காரரை அப்புறப்படுத்துவது கேலின் கணக்குக்கு நேர் எதிரானது.

2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு ஒன்று வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது.

கள்ளக்குறிச்சிக்கு இங்கே ஒரு வாய்ப்பும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வந்திருக்கின்றன. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை இப்போது புறவழியாகப் போகிறது. ஊருக்கு வேலையில்லாத லாரி ஊருக்குள் வரத் தேவையில்லை. கடைத்தெருவின் ஒரு பகுதியையேனும் சந்தை நாளிலும் பண்டிகை வாரங்களிலும் நடப்பவர்களுக்கு விட்டுப் பார்க்க இது ஏற்ற தருணம். அதற்குப் பெரிய செலவில்லை. நாலு தடுப்பு, நிழலுக்குப் புங்கனும் வேம்பும், குடிநீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம், மலைப்பொருள் விற்பவருக்குக் கோடு போட்ட இடம், பஸ் நிலையத்திலிருந்து தடுக்கி விழாமல் வர ஒரு நடைபாதை. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களை, செதுக்குபவர் அங்கேயே உட்கார்ந்து செதுக்கினால் பார்க்காமல் போவார் உண்டா?

ஆபத்து கலமசூவின் ஆபத்து. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊருக்கு வெளியே வீரசோழபுரத்தில் இடம் தேர்ந்து 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். பெரிய வளாகத்துக்கு விசாலமான இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பெரிய கடை என்று ஒவ்வொன்றாக நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போனால், வெள்ளிமலையிலிருந்து ஒரு சான்றிதழுக்காக வருபவர் ஒரே நடையில் முடித்த வேலைக்கு மூன்று பஸ் ஏற வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர் எப்படி என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு மீட்டர் நாடா எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டராவது வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உங்கள் கடைத்தெருவில் பத்து இடங்களில் அளந்து பாருங்கள். பிறகு மாலை ஐந்து முதல் ஆறு வரை ஓரிடத்தில் நின்று, கடந்து போகிறவர்களைத் தனியாகவும், நிற்பவர் உட்கார்ந்திருப்பவர்களைத் தனியாகவும் எண்ணுங்கள். நிற்பவர்களை எண்ணும்போது கூடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.