இன்டர்லூக்கின்-2: வடிநீரிலிருந்து குப்பிக்கு

நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளச் சுரக்கும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் டி உயிரணு என்னும் வெள்ளையணு வகையைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின்-2, இன்று உலர்பொடியாகச் சிறு குப்பிகளில் ஆய்வகங்களுக்கு விற்பனையாகிறது. இப்புரதம் தூய நிலையில் கைக்கு எட்டுமுன்பே அதை அளக்கும் முறை உருவாகிவிட்டது என்பதே இதன் வரலாற்றில் முதன்மையாகக் கருதத்தக்கது.

1976-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன், ருசெட்டி, கேலோ ஆகியோர், ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதத்தால் தூண்டப்பட்ட வெள்ளையணுக்கள் வளர்ந்த ஊடக நீரை வடித்துச் சேர்த்தால், மனித எலும்பு மச்சையிலிருந்து டி உயிரணுக்களை நெடுங்காலம் வளர்க்க முடியும் என்று காட்டினர். அவர்கள் தேடியதோ ரத்தப் புற்றுநோய் உயிரணுக்களை வளர்க்கும் வழி. அந்த வடிநீரில் தூண்டுபொருளின் மிச்சமும் வேறு பல சைட்டோகைன்களும் கலந்திருந்தமையால், கிடைத்த விளைவு எதனால் நேர்ந்தது என்று உறுதியாகக் கூற இயலவில்லை. ஒருமுறை தயாரித்ததன் வீரியம் அடுத்த முறை அப்படியே அமைவதுமில்லை.

இக்குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது, டார்ட்மவுத்தில் கில்லிஸும் கெண்டல் ஸ்மித்தும் 1978-இல் வகுத்த சோதனை முறையாகும். வடிநீரிலுள்ள வளர்ச்சிக் காரணி இல்லாவிடில் ஓரிரு நாளில் மடிந்துவிடும் எலி டி உயிரணுக்களைத் தட்டின் சிறு குழிகளில் இட்டு, படிப்படியாக நீர்க்கச் செய்த மாதிரியைச் சேர்த்து, கதிரியக்கமூட்டிய தைமிடின் என்னும் டி.என்.ஏ. கூறு எவ்வளவு உள்ளிழுக்கப்படுகிறது என்று எண்ணினால், பெருக்கத்தின் அளவும் அதன்வழி காரணியின் வீரியமும் தெரியவரும். காரணியின் அமைப்பு அறியப்படாதபோதே அதற்கு ‘அலகு’ கிடைத்தது. இன்டர்லூக்கின்-2 என்னும் பெயர்கூட 1979-இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் நடந்த கருத்தரங்கிற்குப் பின்னரே நிலைபெற்றது. தூய்மையற்றதாயினும் அக்காரணி பயனற்றதன்று: மனிதரைத் தாக்கும் முதல் ரெட்ரோவைரஸான எச்.டி.எல்.வி-1 கேலோவின் ஆய்வகத்தில் 1980-இல் வெளிப்பட்டதற்கும், 1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் எய்ட்ஸ் கிருமியைக் கண்டறிந்ததற்கும் டி உயிரணு வளர்ப்பே அடிப்படை.

1983-இல் ஜப்பானின் தனிகுச்சி குழுவினர், ஜுர்காட் என்னும் மனித ரத்தப் புற்றுநோய் உயிரணு வரிசையிலிருந்து இதன் மரபணு வரிசையைப் பிரித்தெடுத்தபின், 133 அமினோ அமிலங்களாலான இப்புரதத்தை ஈ.கோலி பாக்டீரியாவில் உற்பத்தி செய்ய வழி திறந்தது. மரபணுவை வேற்றுயிரில் புகுத்தி இவ்வாறு பெறுவதே மறுசேர்க்கைப் புரதம். பாக்டீரியாவுக்குள் இது கரையாத திரளாகத் தங்குவதால், கரைத்து மீண்டும் சரியான வடிவில் மடிக்க வேண்டும். அப்போது இப்புரதத்திலுள்ள மூன்று சிஸ்டீன் அமினோ அமிலங்களுள் இணையற்று நிற்கும் 125-ஆவது, தவறான பிணைப்புகளுக்கு இடம் தருகிறது. கலிபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தார் 1984-இல் அதை மாற்றி செரீனை அமர்த்தினர். செயல் குன்றவில்லை. ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே ஆயினும், உற்பத்தியை எளிதாக்கியதில் அதன் பங்கு பெரிது.

அம்மாற்றம் பெற்ற வடிவத்துக்கே 1992-இல், பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆய்வகங்களுக்கென விற்கப்படும் குப்பிகளோ, மருந்துத் தரக் கட்டுப்பாடுகளின்படி தயாரிக்கப்படாதவையாதலால், ‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்ற குறிப்புடனேயே வருகின்றன.