விண்ணில் விளையும் மின்னாற்றல்

ஞாயிற்றின் ஒளி மாந்தர்க்குப் புதிதன்று. நெல் விளைவதும் மழை பொழிவதும், நிலக்கரியும் எண்ணெயும் மண்ணுக்குள் சேர்ந்ததும் அவ்வொளியின் கொடையே. ஆயினும், நிலத்தில் வாழும் நமக்கு அது முழுமையாகக் கிட்டுவதில்லை. பாதிப் பொழுதை இரவு கொள்கிறது. எஞ்சியதில் முகிலும் காற்றும் பங்கு கேட்கின்றன. விண்வெளியிலோ ஞாயிற்றை நோக்கிய ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. அதனை அங்கேயே மின்னாக்கிப் பூமிக்கு அனுப்பலாகாதா? இவ்வினாவின் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. இயலும் என்பதற்கும் கட்டுப்படியாகும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இக்கருத்து கதையாகத்தான் முதலில் உலவியது. 1941-ஆம் ஆண்டில் ஐசக் அசிமோவ் எழுதிய சிறுகதை ஒன்றில், விண்வெளி நிலையம் ஞாயிற்றின் ஆற்றலைத் திரட்டிக் கோள்களுக்கு அனுப்புகிறது. கதை மெய்யாவதற்கு இரண்டு கருவிகள் வேண்டியிருந்தன. ஒன்று, ஒளியை மின்னாக்கும் கருவி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1954-இல் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உருவாக்கினர். 1958-இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 துணைக்கோளில் இருந்த சாதாரண மின்கலங்கள் சில திங்களில் ஓய்ந்தன. சூரிய மின்கலங்களோ 1964 வரை உழைத்தன. மற்றொன்று, கம்பியின்றி மின்னாற்றலை அனுப்பும் கருவி. 1964-இல் வில்லியம் பிரவுன் என்னும் அமெரிக்கப் பொறியியலார், தரையிலிருந்து அனுப்பிய நுண்ணலையின் ஆற்றலைக் கொண்டே ஒரு சிறு ஹெலிகாப்டரைப் பறக்கச் செய்தார்.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தவர் பீட்டர் கிளேசர். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1968-இல் ‘சயின்ஸ்’ இதழில் தம் திட்டத்தை வெளியிட்டார். நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதால் ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆண்டில் சில வாரங்கள், நள்ளிரவையொட்டிச் சிறிது நேரம் பூமியின் நிழல் படுவதைத் தவிர அங்கு இருளே இல்லை. அங்கு விளையும் மின்னாற்றலை நுண்ணலையாக்கிக் கீழே அனுப்ப, தரையில் பரப்பிய ஏற்பிகள் அதனை மீண்டும் மின்னாக்கும். முகிலும் மழையும் அவ்வலையைப் பெரிதும் தடுப்பதில்லை.

1973-இல் கிளேசர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, சில திங்களில் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கற்பனை எனக் கருதப்பட்டது அரசின் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. 1975-இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் பாலைநிலத்தில், பிரவுனும் அவர்தம் குழுவினரும் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு 30 கிலோவாட்டிற்கும் மேற்பட்ட ஆற்றலைச் செலுத்திக் காட்டினர். ஏற்பியின்மேல் விழுந்த ஆற்றலில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது மின்னாயிற்று. இயலுமா என்னும் ஐயம் அன்றே பெரிதும் அகன்றது.

அகலாதது அளவு பற்றிய இடரே. அலை தொலைவு செல்லச் செல்ல விரியும் இயல்பினது. அனுப்பும் தட்டு சிறிதாயின் விரிவு மிகும். அலை சிதறி வீணாகும். ஆகவே, அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 1970-களின் இறுதியில் வரைந்த மாதிரித் திட்டத்தில், அனுப்பும் தட்டு மட்டுமே 1 கிலோமீட்டர் விட்டமுடையது. மின்கலப் பரப்போ 10 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஒரு கோள் தரவிருந்த மின்னாற்றல் 5,000 மெகாவாட். விதை ஊன்றி மரமாக்கும் வழி இங்கில்லை. முழுமரத்தையே விண்ணில் நடவேண்டும். 1981-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம், அடுத்த பத்தாண்டுகளுக்கு இதனை உருவாக்கப் பொருள் ஒதுக்கவேண்டா எனப் பரிந்துரைத்தது. அதனைக் குறுகிய பார்வை என்று பழிப்பது முறையன்று. அன்றைய ஏவுகணைச் செலவில் அது நேர்மையான கணக்கே.

ஆயினும் முயற்சி மாண்டுவிடவில்லை. 2015-இல் ஜப்பானிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1.8 கிலோவாட் ஆற்றலை 55 மீட்டர் தொலைவிலிருந்த ஏற்பிக்குக் குறி தவறாமல் அனுப்பினர். 2023-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஏவிய கருவி, விண்வெளியில் ஏறத்தாழ ஓரடித் தொலைவிலிருந்த சிறு விளக்குகளைக் கம்பியின்றி ஏற்றியது; அதன் மெல்லிய அலை பாசடீனா நகரில் ஒரு கட்டடத்தின் மேற்றளத்திலும் உணரப்பட்டது. இதற்கிடையே, விண்கலங்களுக்குப் பயன்பட்டு வளர்ந்த சூரிய மின்கலம் மலிந்து நம் வீட்டுக் கூரைகளுக்கே வந்துவிட்டது. விண்வெளித் திட்டம் இன்று போட்டியிட வேண்டியது எண்ணெயோடு மட்டுமன்று. தன்னோடு பிறந்த தரை மின்கலத்தோடுமாகும். 2024-இல் வெளிவந்த நாசாவின் ஆய்வறிக்கையும், தரையில் பெறும் மின்னாற்றலைக் காட்டிலும் இதற்குச் செலவு பன்மடங்கு மிகும் என்றே கணித்தது.

எனவே ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கற்பிக்குங்கால், நாளையே வரும் வியப்பு என்று புகழவும் வேண்டா. பலிக்காத கனவு என்று ஒதுக்கவும் வேண்டா. கிளேசரின் கருத்தையும் பிரவுனின் சோதனையையும் 1981-இன் மறுப்பையும் ஒருங்கே மாணவர்முன் வைத்து, தீர்ப்பை அவர்களே ஆராயச் செய்வோம். கருத்தைப் போற்றவும் கணக்கைக் கேட்கவும் ஒருசேரப் பழகிய மாணவரே அறிவியலை முன்னெடுத்துச் செல்ல வல்லவர்.