கிழக்கிலிருந்து வரும் வழி

திருவனந்தபுரத்தைக் காண வருகிறவர்களில் பெரும்பாலோர் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, நேரே பத்மநாப சுவாமி கோயிலுக்குச் சென்று, ஏழு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, அனந்தசயனனை மூன்று வாயில்களின் வழியே சேவித்து, மாலை வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது தரிசனமே, ஆயினும் நகரத்தைக் கண்டதாகாது. தம்பானூருக்கு ரயில் வந்தது 1931-ஆம் ஆண்டில். அதற்கு முன்பு நூற்றாண்டுக் கணக்காக, தெற்கிலிருந்து தரைமார்க்கமாக இந்த ராஜதானிக்கு வந்த அரிசி மூட்டையும் கருப்பட்டியும் பூக்கூடையும், வித்துவானும் வழக்காளியும், ஏன், தெய்வங்களுங்கூட, நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று வந்து, கரமனை ஆற்றைக் கடந்து, கிள்ளிப்பாலத்தின் வழியாகக் கிழக்கிலிருந்தே நகருக்குள் நுழைந்தன. ஆகவே இந்த நகரத்தை அறிய விரும்புகிறவர் வழிகாட்டி எவரையும் நாடாமல், விடியற்காலையில் கிள்ளிப்பாலத்தில் நின்று மேற்கு நோக்கி நடக்கத் தொடங்குவதே முறையென்பது என் துணிபு. கோட்டை வாயில் வரை உள்ள தூரம் இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான். ஆனால் அதற்குள் ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

பாலத்தைக் கடந்து சற்றே உள்ளே திரும்பினால் வலியசாலை. இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகள், வாசலில் கோலம், திண்ணைகள், அவற்றின் நடுவே காந்தளூர் மகாதேவர் என்று பெயர் கொண்ட சிவபெருமானின் கோயில். பழைய வீடுகள் பல இடிந்து மாடிக் கட்டடங்களாகிவிட்டன. ஆயினும் தெருவின் உருவம் மாறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவனை இங்கே முதலில் தடுத்து நிறுத்துவது அந்தப் பெயர்தான். முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், அவன் ஆட்சியின் நான்காம் ஆண்டு தொடங்கி, தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு வெகு முன்பே, அவனுடைய முதல் வெற்றியாகக் காந்தளூர்ச் சாலை குறிக்கப்படுவதை அறிவார்கள். அங்கே சோழன் செய்த காரியத்தைச் சொல்லும் இடத்தில் வருகிற 'கலம்' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். கலம் என்றால் மரக்கலம், ஆகவே சேரனின் கப்பற்படையை அழித்தான் என்றது ஒரு கட்சி. கலம் என்றால் உண்கலம், ஆகவே சாலையில் உண்டவர்களின் உரிமையில் கை வைத்தான் என்றது மற்றொரு கட்சி. இந்நகரின் மகளிர் கல்லூரியில் தமிழ் போதித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய அதே கை, கல்வெட்டு எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து ஒரு சாலையைத் தேடிற்று என்பதை நினைக்கும்போது, அந்தத் தலைமுறையின் புலமைக்கு வேலியே இல்லாதிருந்தது விளங்குகிறது. காந்தளூர் வேறிடம் என்று கொள்வாரும் உளர். நானோ, வலியசாலைத் தெருவில் நின்றுகொண்டு அந்தப் பெயர் நாள்தோறும் அர்ச்சனையில் வழங்கக் கேட்டபின், இவ்விடத்தை விட்டு அகல மனமில்லாதவன்.

சாலை என்ற சொல்லை இங்கே சிறிது நேரம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்றைய தமிழில் சாலை என்றால் வண்டி ஓடும் பாதை. பழங்காலத்தில் அது ஒரு மண்டபம். அறச்சாலை, கல்விச்சாலை என்னும்போது நாம் அறியாமலே அந்தப் பழம் பொருளைத்தான் ஆளுகிறோம். ஆய் வேளிர் மரபைச் சேர்ந்த கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விண்ணகரத்தையும் அதனுடன் ஒரு சாலையையும் நிறுவி அளித்த செப்பேடு, பிற்காலத்தில் இந்நகரின் அரசு அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் அப்பெயராலேயே வழங்குகிறது. அதன்படி அந்தச் சாலையில் 95 சட்டர்கள், அதாவது மாணாக்கர்கள், வேதக் கிளைவாரியாக: பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். தமக்குள் கலகம் செய்யலாகாது, ஆயுதம் எடுக்கலாகாது என்று விதிகள் நீள்கின்றன. ஆயுதம் எடுக்கலாகாது என்று விதிக்க நேர்ந்ததென்றால், ஆயுதம் எடுக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதுதானே பொருள்? வேதமும் வாளும் ராஜரீகமும் ஒருங்கே பயின்ற அந்த ஸ்தாபனம் தனக்கு முன்மாதிரியாகக் கொண்டது காந்தளூரின் மரியாதையை. அவ்வாறாயின் காந்தளூர்ச் சாலை, பார்த்திவசேகரபுரத்தைக் காட்டிலும் மூத்தது, பெரும்புகழ் வாய்ந்தது. தஞ்சையிலிருந்து ஒரு சக்கரவர்த்தி தன் முதல் வெற்றிக்கு இதைத் தேர்ந்தெடுத்ததில் அதன்பின் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

வலியசாலை, ஆரியசாலை, அப்பால் கோட்டை வரை நீளும் கடைத்தெருவுக்கு வெறும் சாலை. ஒரே சொல் மூன்று பெயர்களில் அடுத்தடுத்து நிற்கிறது. மலையாளிகள் கடைத்தெருவைச் சால என்றும், நம்மவர்கள் சாலைத் தெரு, சாலைக் கடை என்றும் சொல்கிறார்கள். இந்த மூன்றும் பழைய கல்விச்சாலையின் நிழல்கள்தாமா என்பதை நிறுவிக் காட்ட என்னிடம் செப்பேடு எதுவும் இல்லை. நடந்து பார்க்கிறவனின் ஊகமாக மட்டும் அதை இங்கே வைக்கிறேன்.

ஆரியசாலை ஒரு சந்திப்பு. உரக்கடைகளும் விதைக்கடைகளும் தானிய மண்டிகளும் நெருங்கிய இடம். காலை எட்டு மணிக்குள் சுமை வண்டிகள் வந்து குறுக்கே நின்றுவிட்டால் நடப்பவனுக்கும் வழி கிடைப்பது அரிது. அந்தச் சந்தடிக்குள்ளேயே ஒதுங்கி இருக்கிறது ஆரியசாலைக் கோயில். ஆண்டு முழுவதும் அது அக்கம்பக்கத்து ஜனங்களின் கோயில். நவராத்திரியின்போது மாத்திரம் அது ஒரு விருந்தாளியின் மாளிகையாகிறது. அந்த விருந்தாளி வேளிமலைக் குமாரசுவாமி.

இந்த விருந்தின் வரலாற்றை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் நகரம் பிறந்த கதையும் அதில் அடங்கியிருக்கிறது. திருவிதாங்கூரின் ராஜதானி முன்பு பத்மநாபபுரம். அங்கே அரண்மனைத் தேவாரக்கட்டில் சரஸ்வதி தேவியை முன்னிறுத்தி நவராத்திரி பூஜை நடந்து வந்தது. கம்பர் ஆராதித்த விக்கிரகம் அது, சேர மன்னனிடம் வந்து சேர்ந்தது என்று ஐதிகம். 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, தர்மராஜா என்று ஜனங்கள் கொண்டாடியவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ராஜதானியைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அரசன் இடம் பெயர்ந்தான். கலைவாணியை நிரந்தரமாகப் பெயர்த்துக்கொண்டு வர மனம் துணியவில்லை. ஆகவே ஆண்டுதோறும் நவராத்திரிக்கு மட்டும் தேவி எழுந்தருள்வதென்றும், முடிந்ததும் திரும்பிவிடுவதென்றும் சம்பிரதாயம் ஏற்பட்டது. சரஸ்வதி யானை மீதும், வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் வருகிறார்கள். பத்மநாபபுரத்தில் மன்னரின் உடைவாள் கைமாறப் புறப்படும் ஊர்வலம், குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் கரமனையை அடைகிறது. அங்கே குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் ஏறி நகருக்குள் பவனி வருகிறார். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம்; முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டை பகவதி கோயில்; முருகனுக்கு ஆரியசாலை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளைத் தாலுகாக்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. அதன்பின் தெய்வங்கள் வேறு மாநிலத்தவர் ஆனார்கள்; விருந்து நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலத்துக் காவலர்களும் மரியாதை செலுத்த, எல்லையைக் கடந்து ஊர்வலம் வருகிறது. மன்னராட்சி போயிற்று, எல்லை மாறிற்று, ஆட்சிமொழி வேறாயிற்று. ஆரியசாலையில் முருகனுக்கு உரிய இடம் மட்டும் ஆண்டுதோறும் அவருக்காகக் காத்திருக்கிறது. அரசியல் ஆவணங்களால் இயலாத ஒன்றை இந்த வழக்கம் இருநூறு ஆண்டுகளாகச் சாதித்து வருவதாக நான் மனமார நம்புகிறேன்.

ஆரியசாலையை விட்டு மேற்கே நடந்தால் சாலைக் கடைத்தெருவே. இதை வகுத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். விளவங்கோட்டுப் பகுதியில் குன்னத்தூரில் 1745-இல் பிறந்து, இளமையில் போக்குமூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கு எழுதி, 1789-இல் திவானாகி, திப்பு சுல்தானின் படையெடுப்பைத் தாங்கி, ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்த அந்த மனிதர், புதிய ராஜதானிக்குப் படையைவிட முதலில் வேண்டியது சந்தை என்று கண்டார். வணிகனின் திண்ணையில் கணக்கு எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது இயல்பே. கோட்டையின் கிழக்கு வாயிலிலிருந்து கிள்ளியாறு வரை நேராக ஒரு வீதி. இரு மருங்கிலும் கடைகளும் பண்டகசாலைகளும். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் கோட்டைக்குள் நுழையாமலே சரக்கை இறக்கும் வசதி. அவர் அடைந்த பலன் கொடியது. புதிய மன்னரின் காலத்தில் அரண்மனைச் சூழ்ச்சிக்காரர்களால் பதவி பறிக்கப்பட்டு 1799-இல் மாண்டார். அவர் வகுத்த தெருவில் அன்று தொடங்கிய விலை பேசும் ஒலி இன்னும் ஓயவில்லை.

இந்தத் தெருவில் கண்ணைச் சற்று உயர்த்தி நடக்க வேண்டும். கீழே விளம்பரப் பலகைகளும் மின்சாரக் கம்பிகளும் எல்லா நகரங்களையும் போலவே இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, பழைய கடைகளின் சரிந்த ஓட்டுக் கூரையும் மர அழிகளிட்ட மாடிச் சன்னல்களும் இன்னும் சில இடங்களில் தலைகாட்டுகின்றன. கீழே கடை, மேலே இருப்பு, பின்கட்டில் குடும்பம் என்பது இவற்றின் அமைப்பு. இரும்புச் சுருள்கதவு வராத கடை ஒன்றின் வாசலில் நெடுநேரம் நின்றேன். நிரைப்பலகைகள் ஒவ்வொன்றிலும் தமிழ் எண்ணோ மலையாள எண்ணோ அல்ல, வெட்டுக்கோடுகள் கீறியிருந்தன: ஒரு கோடு, இரண்டு கோடு என்று வரிசை. கடை திறக்கும் பையன் எழுத்தறியாவிட்டாலும் எந்தப் பலகைக்குப் பின் எந்தப் பலகை என்று விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். பலகைகள் சறுக்கி இறங்கும் வாசற்படிப் பள்ளம், நாள்தோறும் இருமுறை உரசியதில் கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தது.

தெருப்பெயர்களும் சரித்திரமே. கொத்துவால் தெரு என்ற பெயரில் சந்தையைக் காத்த பழைய அதிகாரியின் நினைவு நிற்கிறது. சபாபதி கோயில் தெரு என்று கேட்டதும் தில்லை நினைவுக்கு வராத தமிழன் இருக்க முடியாது. கருப்பட்டிக்கடை முக்கு என்று ஒரு திருப்பம். விளவங்கோட்டுப் பனைகளின் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி உறையவைத்த அரைக்கோள வடிவக் கருப்பட்டி ஓலைப்பெட்டிகளில் வந்து இறங்கிய காலத்தை அந்தப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. தோவாளைப் பூ இன்றும் விடியுமுன் வந்துவிடுகிறது. நாஞ்சில் தமிழும் நெல்லைத் தமிழும் மலையாளமும் இங்கே ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடுகின்றன. விலை சொல்வது ஒரு பாஷையில், பேரம் மற்றொன்றில்.

இந்தக் கலப்பை இலக்கியமாக்கியவர் ஆ. மாதவன். 1934-இல் பிறந்து, மலையாள வழியில் படித்து, பின்பு தமிழைக் கற்று, இதே சாலைத் தெருவில் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே, சுமைதூக்கிகளையும் நாடோடிகளையும் பிடிசோற்றுக்கு அலைகிறவர்களையும் தமிழ்ச் சிறுகதைக்குள் அழைத்து வந்தார். தம் தொகுதிக்குக் 'கடைத்தெருக் கதைகள்' என்றே பெயரிட்டார். 2015-இல் சாகித்திய அகாதெமி பரிசு அவரைத் தேடி வந்தது, 2021-இல் மறைந்தார். நீல பத்மநாபன் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் இந்த நகரத்தையே ஒரு பாத்திரமாக்கினார். கையில் நகரப் படம் இல்லாவிட்டால் குறையில்லை. இவ்விருவரையும் படித்துவிட்டு வருவது நல்லது.

தெரு முடிகிற இடத்தில் வெள்ளை பூசிய கோட்டை வாயில். அதைக் கடந்ததும் காட்சி மாறுகிறது: பாண்டி நாட்டு முறையில் அடுக்கி எழுந்த கோபுரம் ஒரு புறம், அதன் அருகிலேயே சுவாதித் திருநாள் கட்டிய புத்தன் மாளிகை, தாழ்ந்த ஓட்டு இறவாணத்தின் கீழே 122 மரக்குதிரைகள் வரிசையாகத் தாங்க, மலைநாட்டுத் தச்சரின் கைவண்ணமாய் நிற்கிறது. இரண்டு நாட்டுச் சிற்ப மரபுகள் ஒரே பார்வையில் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடங்கள் அரிது. எனினும் கடைத்தெருவில் மூட்டை சுமந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கோபுரம் தூரத்திலிருந்து காண்பதற்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பின்னரே அவர்கள் உள்ளே போக முடிந்தது. நவராத்திரி மண்டபத்திலும் பெண் குரல் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளை மாலை தீபங்களுக்கு முன் வித்துவான்கள் பாட, கைதட்டலும் கூடாதென்று சபை மௌனம் காக்கும் அந்த மண்டபத்தில், பாறசாலை பொன்னம்மாள் 2006-இல் முதல் பெண்ணாக அமர்ந்து பாடினார். வாணிக்கு நடக்கும் விழாவில் ஒரு பெண் பாட இத்தனை காலம் ஆயிற்று என்பதை எண்ணும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது. பாடியே விட்டார் என்பதில் மகிழவும் செய்கிறது.

நடையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் குமாரசுவாமி முடித்துக்கொள்வதில்லை. சரஸ்வதியைக் கோட்டைக்குள் விட்டுவிட்டு, வந்த தெரு வழியாகவே அவர் ஆரியசாலைக்குத் திரும்புகிறார். விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையேறிப் பூஜப்புரை போய்வந்து, ஒருநாள் நல்லிருப்பு என்னும் ஓய்வும் கழிந்த பிறகே கிழக்கே மலைக்குப் பயணம். நானும் அன்று மாலை கோட்டை வாயிலிலிருந்து திரும்பிக் கடைத்தெரு வழியே ஆரியசாலைக்கு நடந்தேன். விளக்கு வைக்கும் நேரம். காலையில் நான் நின்ற கடையில் பையன் கடைசிப் பலகையைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தான். அதில் ஒன்பது கோடுகள்.