ஒன்றுபோல் தோன்றும் குருவிகள்

வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வெளிநாட்டு விருந்தினர் பலர் வந்து சேர்கின்றனர். கடலேரிகளில் இறங்கும் பூநாரைகளையும் வாத்துக்களையும் ஊரார் யாவரும் அறிவர். ஆனால் கிளுவை வேலியிலும் பூவரசங் கிளையிலும் வடலிப் புதரிலும் ஒளிந்து, பூச்சிகளைப் பொறுக்கித் திரியும் சின்னஞ்சிறு குருவிகளை அறிந்தோர் மிகச் சிலரே. பத்துக் கிராம் அளவே நிறையுள்ள இவ்வுயிர்களுட் சில காக்கேசிய மலைகளிலிருந்தும், சில இமயத்திலிருந்தும், சில ருசிய நாட்டுப் புதர்க்காடுகளிலிருந்தும் பறந்து வருபவை. கதிர்க்குருவிகள் என்னும் பொதுப் பெயரால் இவற்றைச் சுட்டுவர்.

இவற்றுள் ஒரு வகை பச்சை சாயல். மற்றொரு வகை மண்ணின் பழுப்பு. கொண்டையோ வண்ணப் பட்டையோ கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது எப்படி என்னும் கேள்வி அறிஞர்களை இருநூற்றைம்பது ஆண்டுகளாக அலைக்கழித்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு கிளை நமது நாட்டையும் தொட்டுச் செல்கிறது.

தொடக்கம் இங்கிலாந்தில். செல்போர்ன் என்னும் சிற்றூரில் சமயப்பணி புரிந்த கில்பர்ட் வைட், தம் தோட்டத்து மரங்களில் திரிந்த இளம்பச்சைக் குருவிகளைப் பல ஆண்டுகள் உற்றுக் கவனித்தார். அக்காலத்து அறிஞர் பலர் அவற்றை ஒரே இனமெனக் கருதியிருந்தனர். வைட்டின் செவியோ வேறு கதை சொல்லிற்று. ஒன்று மேலிருந்து கீழே வழிந்து வரும் இனிய இசையைப் பாடியது. ஒன்று இரண்டே ஒலிகளை மாறி மாறி உரைத்தது. மூன்றாவது உயர்ந்த மரத்துச்சியில் வண்டுபோல் அதிர்ந்தது. 1768ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இவை மூன்று தனி இனங்களே என்று அவர் ஐயமின்றி அறிவித்தார். கண் ஒன்றாக்கியதைச் செவி மூன்றாகப் பிரித்தது. அக்கடிதங்கள் 1789இல் நூலாக வெளிவந்தன.

அந்நூலை 1836இல் குறிப்புகளுடன் பதிப்பித்தவர் எட்வர்ட் பிளைத் என்னும் இளைஞர். 1841இல் அவர் கல்கத்தா சென்று, ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளரானார். 1862 வரை, குறைந்த ஊதியத்தில் மிகுந்த உழைப்போடு அப்பணியை ஆற்றினார். டார்வின் இவரோடு கடிதத் தொடர்பு கொண்டு பல செய்திகளைப் பெற்றார். நமது நாட்டிற்கு மாரியில் வரும் இரண்டு பச்சைக் குருவிகளுக்கு 1843இல் அறிவியற் பெயர் சூட்டியவர் பிளைத்தே. 1849இல் ஒரு பழுப்புக் குருவிக்கும் பெயரிட்டார். நாணற் குருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்த அதற்குப் ‘புதர்க்காடுகளுக்கு உரியது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தேர்ந்தார். நாணலில்லாத வேலியோரங்களிலும் அதைக் காணலாம் என்பதால் அப்பெயர் மிகப் பொருத்தமானதே.

பிளைத்துக்கு இலங்கையிலிருந்து பறவைகளை அனுப்பி உதவியவர் எட்கர் லெயார்ட். 1846இல் இங்கு வந்த அவர், அரசாங்க சேவையிலிருந்தவாறே பல ஊர்களில் பறவைகளைத் திரட்டினார். பருத்தித்துறை வட்டாரமும் அவற்றுள் ஒன்று. அவருடைய குறிப்புகள் 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தன. அக்கால வழக்கப்படி, பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பஞ்சடைத்தே ஆராய்ந்தனர். சிறகின் நீளத்தை அளக்க அது உதவியது. எனினும் பஞ்சடைத்த தோல் பாடுவதில்லை. வைட் கைக்கொண்ட அளவுகோல் அங்கே பயன்படவில்லை. 1955இல் ஜி. எம். ஹென்றி இலங்கைப் பறவைகளுக்கு எழுதிய கையேடு, உருவத்தோடு குரலையும் பழக்கவழக்கத்தையும் விளக்கி, துப்பாக்கியில்லாமலே பறவையை அறியும் வழியைப் பொதுமக்களுக்குத் திறந்தது.

மாரிக்கு வரும் குருவிகள் இங்கே பெரும்பாலும் முழுப்பாட்டுப் பாடுவதில்லை. அழைப்பொலி மட்டுமே எழுப்பும். அதுவே போதும். நாக்கைத் தட்டினாற்போலச் ‘செக், செக்’ என்று புதருக்குள்ளிருந்து கேட்டால், அது பிளைத்தின் பழுப்புக் குருவி. அதன் வால்நுனி உருண்டிருக்கும். அதனினும் வெளிறிய நிறமும், சதுரமான வால்நுனியும், வாலோரத்தில் வெண்மையும் தென்பட்டால், அது சைக்ஸ் என்னும் படை அதிகாரி 1832இல் தக்கணத்திலிருந்து விவரித்த வேறு குருவியாகலாம். பச்சைக் குருவிகளுள் ஒன்று விரைவான மூவசைக் குரலும், மற்றொன்று பின்சுரம் ஏறி ஒலிக்கும் ஈரசைக் குரலும் உடையன. முன்னதன் அடிப்புறத்தில் மஞ்சள் படர்ந்திருக்கும். பின்னதன் அலகு பெரியது. அது காடுகளையும் மலைநாட்டுச் சோலைகளையும் நாடுவது. ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்ந்து, இலையைத் தைத்துக் கூடமைக்கும் தையற்சிட்டு இவற்றின் வேறானது. நிமிர்த்திய வாலே அதைக் காட்டிக் கொடுக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1867இல் ஹியூம் என்பார் சத்லெஜ் பள்ளத்தாக்கில் பழுப்புக் குருவி ஒன்றைப் பிடித்தார். அதன் அலகு சற்று நீண்டிருந்தது. அது தனி இனமா, வேறோர் இனத்தின் திரிபா என்று நூறாண்டுக்கு மேல் எவராலும் துணிய இயலவில்லை. உலகெங்கும் இருந்தது அந்த ஒரே உடல்தான். 2002இல் மரபணு ஆய்வு அதைத் தனி இனமென நிறுவியது. 2006இல் தாய்லாந்தில் உயிருள்ள பறவையொன்று வலையில் அகப்பட்டது. பின்னர் அருங்காட்சியகப் பேழையில், பிளைத்தின் குருவிகளோடு குருவியாக, அதே இனத்தின் மற்றோர் உடல் தவறான பெயருடன் கிடந்தது கண்டறியப்பட்டது. 2008இல் ஆப்கானிஸ்தானத்து வாக்கான் பகுதியில் பதிவு செய்யப்பட்ட பாட்டொலியே அதன் இனப்பெருக்க நிலத்தைக் காட்டிற்று. அங்கும் செவியே வழிகாட்டியது.

பெயரற்ற உயிருக்குக் கணக்கில்லை. கணக்கில்லாததன் இழப்பு எவருக்கும் தெரிய வராது. குடாநாட்டில் போர் நிகழ்ந்த நீண்ட காலத்தில் பறவைகளைத் தொடர்ந்து கவனிக்க வாய்ப்பு இல்லாமற் போயிற்று. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அத்தகைய காவல் நமது வேலிகளுக்கும் வடலிகளுக்கும் இல்லை. உயிர்வேலி இருந்த இடத்தில் மதில் எழும்போது அங்கே தங்கிய குருவிகள் எவை, அவை எங்கே சென்றன என்று கூற வேண்டுமானால், முதலில் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிந்திருக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாரிக்காலத்து விடியலில் வேலியருகே சிறிது நேரம் அமைதியாக நின்று, செவியைத் திறந்து வைத்திருக்கும் பொறுமை ஒன்றே முதற்படி. கில்பர்ட் வைட்டுக்கும் தொடக்கத்தில் வாய்த்த கருவி அதுவே.