குளமும் மடுவும்

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போனால், ஓமந்தைக்கு அப்பால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குளங்களே ஊர்ப்பெயர்களாக வருகின்றன. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அரச ஏடுகளில் வவுனியாவுக்கும் ‘விளாங்குளம்’ என்ற வால் இருந்தது. பிறகு அது உதிர்ந்துவிட்டது. இரணைமடு, விசுவமடு என்று மடுக்களும் இந்த வன்னி நிலத்தில் உண்டு. ஆங்கிலத்தில் குளமும் ‘டாங்க்’, இரணைமடுவும் ‘டாங்க்’. போர்த்துக்கேயத்திலிருந்தோ குசராத்தியிலிருந்தோ ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல், முதலாம் உலகப் போர்க்காலத்தில் போர் வண்டிக்கும் பெயரானது. நாம் தண்ணீர்த் தாங்கி, யுத்த டாங்கி, குளம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இதனால் கெட்டது பேச்சல்ல, வரலாறு. குளமும் மடுவும் வேறு வேறு காலத்துக்குச் சாட்சி சொல்பவை.

சொற்கள் எவற்றோடு சேர்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். குளத்தைக் கட்டுவார்கள், வெட்டுவார்கள். அதற்குக் குளக்கட்டு உண்டு, துருசு உண்டு, மாரியில் குளம் வான் பாயும். குளத்துக்குக் கீழ் வயல் என்றால் அந்த நீரை நம்பிய வயல். மடுவை யாரும் கட்டுவதில்லை. அது ஆற்றிலோ பள்ளத்திலோ தானாகத் தேங்கிய ஆழம். ஆகவே குளம் என்று முடியும் பெயர் மனித உழைப்பையும், மடு என்று முடியும் பெயர் அதற்கு முந்திய நிலத்தையும் காட்டுகின்றன. இரணை என்றால் இரட்டை. பூநகரிக் கடலில் உள்ள இரணைதீவும் அப்படிப் பெயர் பெற்றதே. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் பெருங்குளம் உருவாவதற்கு முன்பே, அங்கே இரட்டை மடு இருந்தது என்பதைப் பெயர் சொல்கிறது.

‘இன்று எல்லாரும் இரணைமடுக்குளம் என்றுதானே சொல்கிறார்கள், வேறுபாடு அழிந்துவிட்டதே’ என்று கேட்கலாம். அந்த வழக்கு என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. மடு இடப்பெயராக உறைந்த பிறகு, கட்டப்பட்டதைச் சொல்லக் குளம் என்ற சொல் தனியே தேவைப்பட்டது. மடுவும் குளமும் ஒன்றானால் ஒரு பெயருக்குள் இரண்டும் நிற்க வேண்டியதில்லை. கட்டு உடைந்து காடு மூடிய இடங்களிலும் குளப்பெயர் நிலைத்திருக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், பெயர் இன்றைய நிலையைச் சொல்வதில்லை, பெயர் வைத்த நாளின் நிலையைச் சொல்கிறது. வரலாற்றுக்கு வேண்டியதும் அதுவே. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளக்கட்டின் எச்சமும் ஆற்றின் போக்கும் பெயரோடு ஒத்துவர வேண்டும்.

ஆங்கிலேய அரச அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலை இன்றும் ஆய்வாளர் முதல் ஆதாரமாக எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அதில் ‘டாங்க்’ என்று வரும் இடங்களில், ஊரார் வழங்கும் பெயரின் ஈற்றைப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.