மண்ணீரல் நீக்க அறுவையின் வரலாறு

வயிற்றின் இடப்பக்கத்தில், விலா எலும்புகளுக்கு அடியில் கைப்பிடி அளவில் இருக்கும் உறுப்பு மண்ணீரல். இதை முழுவதுமாக அகற்றுவது மண்ணீரல் நீக்க அறுவை எனப்படும். இவ்வுறுப்பு இல்லாமலும் மனிதர் உயிர் வாழ முடியும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அவர் எவ்வளவு பாதுகாப்பாக வாழ்கிறார் என்ற கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

1549இல் இத்தாலியில் இவ்வறுவை நடந்ததாக ஒரு செய்தி உண்டு. அதை நம்பத் தயங்குவோர் பலர். 1826இல் செருமனியின் ரோஸ்டாக் நகரில் குவிட்டன்பௌம் அறுவை செய்த பெண் சில மணி நேரத்தில் இறந்தார். 1865இல் இலண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் அறுவை செய்த நோயாளியும் சில நாட்களே வாழ்ந்தார். 1867இல் பாரிசில் பெயான் என்பவர், மண்ணீரலில் நீர்க்கட்டி இருந்த இளம்பெண் ஒருவரைப் பிழைக்க வைத்தார். 1892இல் பிரெஸ்லாவில் ரீக்னர், உயரத்திலிருந்து விழுந்து மண்ணீரல் சிதைந்த 14 வயதுச் சிறுவனைக் காப்பாற்றினார்.

அதன்பின் சிதைந்த மண்ணீரலை எடுத்துவிடுவதே வழக்கமாயிற்று. நோபல் பரிசு பெற்ற அறுவை மருத்துவர் கோக்கரும் அதனால் தீங்கில்லை என்றே கருதினார். நோயாளி வீடு திரும்பினால் அறுவை வெற்றி. கணக்கு அத்துடன் முடிந்தது. 1919இல் மோரிஸ், புல்லக் இருவரும் மண்ணீரல் நீக்கிய எலிகள் நோய்த்தொற்றுக்கு எளிதில் பலியாவதைக் காட்டி, மனிதருக்கும் இந்த ஆபத்து இருக்கலாம் என எச்சரித்தனர். எச்சரிக்கை எடுபடவில்லை.

1952இல்தான் நிலைமை மாறியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கிங், சூமேக்கர் ஆகியோர், பரம்பரைக் குருதிச்சோகைக்காக மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினர். கடும் நோய்த்தொற்று அக்குழந்தைகளைத் தாக்கியிருந்தது, இருவர் இறந்தனர். குருதியில் புகும் நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியங்களை வடிகட்டி அழிப்பதில் மண்ணீரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கலாம்.

1973இல் சிங்கர் 2,796 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தார். 119 பேருக்குக் கடும் தொற்று ஏற்பட்டிருந்தது. 71 பேர் இறந்திருந்தனர். விபத்தால் மண்ணீரல் இழந்தோரில் தொற்று ஏறத்தாழ 1.5 விழுக்காடு, தலசீமியா நோயாளிகளில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. அறுவைக்கான காரணமே பின்விளைவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதே இத்தொகுப்பின் பெரும்பயன். ஆபத்து குழந்தைகளுக்கு மட்டும் என்றும் ஒதுக்க இயலவில்லை. இரண்டாம் உலகப்போரில் மண்ணீரல் இழந்த 740 அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த 1977ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களிடையே நிமோனியா இறப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டது.

இதற்கிடையே டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் வேறொரு வழி உருவானது. மண்ணீரல் காயத்தில் கசியும் குருதி பல வேளைகளில் தானே நின்றுவிடுகிறது என்று 1968இல் உபாத்யாயாவும் சிம்ப்சனும் எழுதினர். இவர்களுள் உபாத்யாயா, தில்லியில் பணியாற்றிய இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர். கத்தியை எடுக்காமல் கண்காணித்துக் காத்திருக்கும் அம்முறையே, குருதி அழுத்தம் சீராக இருக்கும் குழந்தைகளுக்கு இன்று முதல் தேர்வு.

1991 முதல் வயிற்றில் சிறு துளைகள் இட்டு லேப்ராஸ்கோப் வழியாகவும் இவ்வறுவை செய்யப்படுகிறது. தழும்பு சிறிது, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. பிற்காலத் தொற்றின் ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகள் போடுகின்றனர். குழந்தைகளுக்குப் பின்னர் பல ஆண்டுகள் பெனிசிலின் தரப்படுவதும் உண்டு. மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால், அறுவை நடந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.